கிடந்த ஊசி, நின்ற ஊசி

துருவப் பயணங்களைப் பற்றிய அருங்காட்சியகம் எந்த நாட்டில் இருந்தாலும், உள்ளே என்ன இருக்கும் என்று பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். நாய்கள் இழுத்த சறுக்குவண்டி, கம்பளிக் காலுறை, திறக்காத தகர டப்பா இறைச்சி, மூக்கு நுனி கறுத்துப்போன தாடிக்காரர்களின் புகைப்படங்கள். நார்வேயின் ஓஸ்லோ நகரில் உள்ள ஃபிராம் அருங்காட்சியகத்தில் கப்பலையே நிறுத்தி, அதன்மேல் கூரை போட்டு, ஏறிப் பாருங்கள் என்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே ஒரு மூலையில், யாரும் அதிகம் நின்று பார்க்காத பொருள் ஒன்று இருக்கும்: பித்தளைக் கூட்டுக்குள் ஒரு காந்த ஊசி. திசைகாட்டிதானே என்று கூட்டம் நகர்ந்துவிடும். அந்த ஊசியின் சரித்திரத்தில் ஒரு பெரும் பங்கு சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் பொதிகை மலை உச்சியிலும் நடந்தது என்பது ஓஸ்லோக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நமக்கும் தெரியாமல் இருப்பதுதான் வேடிக்கை.

பள்ளிக்கூடத்தில் பார்த்த திசைகாட்டியின் ஊசி பக்கவாட்டில் மட்டுமே சுழலும். அதே ஊசியை நடுவில் அச்சு கோத்து, மேலும் கீழும் ஆடும்படி விட்டால் இன்னொரு குணம் வெளிப்படும். கனடாவின் வடகோடிக்கு எடுத்துப் போனால் அது தலைகுப்புற நேர்க்குத்தாக நிற்கும். சென்னைக்குத் தெற்கே உள்ள திருப்போரூர்ப் பக்கம் கொண்டுவந்தால் தரையோடு தரையாகச் சாய்ந்து, சில பாகை மட்டுமே தலை தாழ்த்தியிருக்கும். இன்னும் தெற்கே, திருநெல்வேலியைத் தாண்டிக் குமரிமுனைப் பக்கம் போனால் கிட்டத்தட்ட மட்டமாகவே படுத்துவிடும். பெருமாள் கோயில்களில் நின்ற கோலம், கிடந்த கோலம் என்பார்களே, அப்படி. மாமல்லபுரத்துத் தலசயனப் பெருமாள் பாம்பணைகூட இல்லாமல் வெறுந்தரையில் பள்ளிகொண்டிருப்பவர். நம் பக்கத்து ஊசிக்கு அவர்தான் பொருத்தமான தெய்வம்.

காரணம் எளிது. பூமியின் காந்தக் கோடுகள் தென் துருவப் பக்கம் தரையிலிருந்து கிளம்பி, வானில் வளைந்து, வட துருவப் பக்கம் தரைக்குள் இறங்குகின்றன. துருவத்தில் அவை செங்குத்து, நடுவில் கிடைமட்டம். ஊசி அந்தக் கோடுகளின் வழியே நிற்கிறது, அவ்வளவுதான். சரிவே இல்லாத அந்த இடங்களை இணைத்து வரையும் கோட்டுக்குக் காந்த நடுவரை என்று பெயர். அது பூமத்திய ரேகையோடு ஒட்டிப் போவதில்லை. இந்தியப் பக்கம் வரும்போது ரேகைக்கு வடக்கே வளைந்து நம் தென்கோடியை உரசிக்கொண்டு போகிறது. இதனால் ஒரு சில்லறைத் தொல்லையும் உண்டு. ஐரோப்பாவின் வடக்கே விற்கும் திசைகாட்டிகளில் ஊசியின் வடமுனை தாழாமலிருக்கத் தென்பாதிக்குக் கொஞ்சம் எடை கூட்டியிருப்பார்கள். அதை இங்கே கொண்டுவந்தால் தென்முனை தொங்கி, அட்டையில் உரசும். வெளிநாட்டுத் திசைகாட்டி ஓடவில்லை என்று குறைபடுபவர்கள் விற்றவரைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

ஊசியின் பயணம் கப்பலில் தொடங்கவில்லை. சீனத்தில் மனை பார்ப்பவர்கள்தான் அதை முதலில் கையில் எடுத்தார்கள்: வீடும் கல்லறையும் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று குறிப்பதற்கு. நம் சிற்பிகளுக்கு அந்தத் தேவை எழவில்லை. தரையில் ஒரு முளையை நட்டு, காலையிலும் மாலையிலும் அதன் நிழல் ஒரே வட்டத்தைத் தொடும் இடங்களைக் குறித்து இணைத்தால் கிழக்கு மேற்கு கிடைத்துவிடும். சூரியன் தாராளமாக அடிக்கும் ஊரில் காந்தக்கல்லைத் தேடிப் போவானேன்?

1077இல் முதலாம் குலோத்துங்கனின் தூதுக்குழு ஒன்று, 72 பேர், சீனத்தின் சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த பதினோரு ஆண்டுகளில், 1088 வாக்கில், அந்த நாட்டு அறிஞர் ஷென் குவோ காந்தக்கல்லில் தேய்த்த ஊசியைப் பட்டு நூலில் தொங்கவிடும் முறையை எழுதிவைத்தார். அது சரியாகத் தெற்கைக் காட்டாமல் சற்று ஒதுங்கியே நிற்கிறது என்பதையும் கவனித்துச் சொன்னார். 1119இல் ஷூ யூ என்பவரின் நூல், மாலுமிகள் இரவில் நட்சத்திரத்தையும் பகலில் சூரியனையும், மூட்டம் போட்டுவிட்டால் ஊசியையும் பார்ப்பதாகச் சொல்கிறது. கப்பலில் ஊசி வேலை பார்த்ததற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சி அதுதான். கடைசிக் கட்டத்தில் கை கொடுக்கும் மூன்றாம் ஆளாகவே ஊசி அங்கே வருகிறது.

அந்தக் கப்பல்கள் கிளம்பிய பெருந்துறைகளில் ஒன்று சுவான்சோ. அங்கே 1281ஆம் ஆண்டுத் தேதியோடு தமிழும் சீனமும் கலந்த கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சிவன் கோயில் கட்டி வழிபடும் அளவுக்கு நம் வணிகர்கள் அங்கே காலூன்றியிருந்தார்கள். ஊசி அவர்கள் கண்ணில் படாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் பருவக்காற்று அடிக்கும் திசையை நம்பி, நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து, கடலின் ஆழத்தையும் நிறத்தையும் பார்த்து ஓட்டும் இந்தியப் பெருங்கடல் மாலுமிகளுக்கு அது உயிர்போகும் தேவையாக இருக்கவில்லை. மேகமூட்டம் மாதக்கணக்கில் விலகாத ஐரோப்பியக் கடல்களில்தான் ஊசிக்கு மவுசு ஏறியது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயத் துறவி அலெக்சாண்டர் நெக்கம் அதைக் குறிப்பிடுகிறார்.

அடுத்த நூற்றாண்டில் ஒரு வேடிக்கையான பொருத்தம். இரும்பைக் காந்தம் தன்பால் ஈர்ப்பதை, இறைவன் முன்னிலையில் உயிர் செயல்படுவதற்கு உவமையாக மெய்கண்டார் சிவஞானபோதத்தில் வைக்கிறார். ஏறக்குறைய அதே காலத்தில், 1269 ஆகஸ்டில், இத்தாலியின் லுசேரா நகரை முற்றுகையிட்டிருந்த படையில் பீட்டர் பெரிகிரினஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ஊரிலிருந்த நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார். காந்தக்கல்லை உருண்டையாகச் செதுக்கி, அதன்மேல் சிறு ஊசிகளை வைத்துப் பார்த்தால், எல்லா ஊசிகளும் இரண்டே புள்ளிகளை நோக்கிச் சாய்கின்றன. அவற்றை வானத்தின் துருவங்களின் பெயராலேயே அழைக்கலாம் என்கிறார். காந்தத்துக்குத் துருவம் உண்டு என்ற எண்ணம் ஒரு போர்முனைக் கடிதத்தில் பிறந்தது. முற்றுகை நீண்டால் படையினருக்கும் பொழுது போக வேண்டுமல்லவா!

(வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்று பாட்டிமார் சொன்னதற்கும் இந்தக் காந்தத்துக்கும் முடிச்சுப் போடுவது பிற்காலத்து வேலை. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் பொம்மைக் காந்தம், பூமியின் காந்தத்தைவிட நூறு மடங்கு வலுவுள்ளது. அதைத் தொட்டு யாருக்கும் தலை சுற்றியதில்லை.)

பிறகு ஊசி ஒவ்வொரு கப்பலிலும் ஏறிக்கொண்டது. ஒவ்வொரு கப்பலையும் குழப்பவும் செய்தது. 1492இல் அட்லாண்டிக்கின் நடுவில் கொலம்பஸ், ஊசி வட நட்சத்திரத்தைவிட்டு விலகுவதைக் கண்டார். 1538இல் லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு வந்த ஜோவா தெ காஸ்ட்ரோ வழிநெடுக இந்த ஒதுக்கத்தை அளந்துகொண்டே வந்தார். இந்தியக் கரையை அடைந்த பிறகு, வசாய் அருகே சில பாறைகளே ஊசியை இழுத்து வழிகெடுப்பதையும் கண்டுகொண்டார்.

ஊசி தலை தாழ்த்தும் குணம் வெளிவந்ததோ ஒரு தொழிலாளியின் கோபத்தில். லண்டனில் திசைகாட்டி செய்து விற்ற ராபர்ட் நார்மன், ஊசியை எவ்வளவு நேர்த்தியாகச் சமன் செய்தாலும், காந்தம் ஏற்றியவுடன் வடமுனை தாழ்வதைப் பார்த்தார். வழக்கம்போல அந்த முனையைக் கொஞ்சம் நறுக்கினார். ஒரு நாள், பாடுபட்டுச் செய்த ஊசி ஒன்றை அளவுக்கு மேல் நறுக்கிப் பாழாக்கிவிட்டார். வந்த எரிச்சலில், இது ஏன் தாழ்கிறது என்றே பார்த்துவிடுவது என்று இறங்கினார். 1581இல் அதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். சரக்குக் கழிவை நொந்துகொண்டு வேலையைத் தொடர்ந்திருந்தால் காந்தச் சரிவைப் பற்றி முறையாக எழுதும் பெருமை வேறு யாருக்கோ போயிருக்கும்.

நார்மனின் ஊசியை எடுத்துக்கொண்டு, எலிசபெத் ராணியின் வைத்தியர் வில்லியம் கில்பர்ட் பூமியே ஒரு பெரிய காந்தம் என்று 1600இல் நூல் எழுதினார். அதே ஆண்டின் கடைசி நாளில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ராணி பட்டயம் கொடுத்தார். ஊசியும் கம்பெனியும் ஒரே ஆண்டில் ஒரே அரசவையிலிருந்து புறப்பட்டவை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சென்னையில் வந்து சேர இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. இடையில், வால்நட்சத்திரத்தால் பெயர் பெற்ற எட்மண்ட் ஹாலி, ஊசியின் ஒதுக்கத்தை அளப்பதற்கென்றே 1698இல் ஒரு சிறு கப்பலை வாங்கிக்கொண்டு தென் அட்லாண்டிக்குக்குப் போனார். 1700 பிப்ரவரியில் 52 பாகை தெற்கில், உச்சி தட்டையான வெள்ளைத் தீவுகள் சிலவற்றைக் கண்டார். கிட்டப் போன பிறகே பனிமலைகள் என்று புரிந்தது. தென் துருவத்தின் வாசற்படிக்கு முதலில் விஞ்ஞானத்தைக் கூட்டிப்போனது இந்த ஊசிதான்.

இனி நம் ஊர். சென்னை நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மையத்து வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் கம்பெனி கட்டிய வான்நோக்கு நிலையத்தில் கருவிகளைத் தாங்கிய தூண் அது. 15 அடி உயரம், சுமார் 10 டன் எடை, தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்துகள். அந்த நிலையத்தின் முதல் அதிகாரபூர்வ வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம். சென்னைவாசிகள் ராஜாஜி மண்டபம் என்று அழைக்கும் கட்டடத்தை வரைந்து கட்டியவரும் இவரே. மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஆரம்பகாலத்தில் எழுதியவர்களில் ஒருவரும் இவரே. 1798இல் கல்கத்தாவின் ஆசியக் கழக ஆய்விதழில் அந்தக் கட்டுரை வந்தது. அப்போதெல்லாம் ஓர் ஆள் ஒரு வேலையோடு நிற்பது அவமானம் என்று கருதினார்களோ என்னவோ. 1802இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டுத் தந்ததும் இவர்தான்.

கோல்டிங்ஹாம் காந்தத்தில் பெரிதாக இறங்கவில்லை. ஆனால் துருவமும் சென்னையும் ஒரே கணக்கின் இரு முனைகள் என்பதை முதலில் செய்து காட்டியவர் அவர். 1821இல் அவர் சென்னையில் ஓர் ஊசலை ஆட்டி எண்ணினார். பூமி நடுவில் பருத்துத் துருவத்தில் தட்டையாக இருப்பதால், ஊசல் நம் பக்கம் மெதுவாகவும் துருவத்தில் விரைவாகவும் ஆடும். எவ்வளவு வேறுபாடு என்று தெரிந்தால் பூமியின் வடிவம் தெரியும். அடுத்த இரண்டு ஆண்டுகளில் எட்வர்ட் சபைன் என்ற பீரங்கிப்படை அதிகாரி ஆப்பிரிக்கக் கரை முதல் கிரீன்லாந்தும் ஸ்பிட்ஸ்பெர்கனும் வரை ஊசலைத் தூக்கிக்கொண்டு அலைந்தது இதே கணக்குக்காக. பரங்கிமலையிலும் கோட்டையிலும் தினமும் வெடிக்கும் பீரங்கியின் ஒளியைக் கண்டு, சத்தம் வந்து சேரும்வரை நொடிகளை எண்ணி, ஒலியின் வேகத்தையும் கோல்டிங்ஹாம் அளந்தார். சில ஆண்டுகள் கழித்துக் கனடாவின் வடக்கே பனியில் சிக்கிக் குளிர்காலத்தைக் கழித்த பாரி என்ற கப்பல் தலைவரின் மாலுமிகள் அதே சோதனையை உறைகுளிரில் செய்தார்கள். வெப்பத்தில் ஒலி எவ்வளவு விரைகிறது என்பதற்குச் சென்னை, குளிரில் எவ்வளவு தளர்கிறது என்பதற்குத் துருவம். ஒன்றில்லாமல் மற்றதன் கணக்கு நிறைவேறாது.

சபைன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியின் கதையில் இவர் கொஞ்சம் வில்லத்தனமான கதாநாயகர். 1831 ஜூன் 1 அன்று ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் பூத்தியா முனையில் ஊசி 89 பாகை 59 கலை சரிந்து நிற்பதைக் கண்டு, வடகாந்தத் துருவம் இதுதான் என்று கொடி நாட்டினார். அப்படியானால் தென்காந்தத் துருவம் எங்கே? ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலிருந்து கணித மேதை காவுஸ் அதன் இடத்தைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். போய்ப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. 1836இல் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹும்போல்ட் லண்டனின் ராயல் சொசைட்டி தலைவருக்குக் கடிதம் எழுதி, ஆங்கிலேயரின் குடியேற்ற நாடுகள் எங்கும் காந்த நிலையங்கள் வேண்டும் என்று கேட்டார். சபைனும் நண்பர்களும் அரசாங்கத்தை நச்சரித்தார்கள். காந்தச் சிலுவைப்போர் என்றே இந்த முயற்சிக்குப் பெயர் விழுந்தது. 1839இல் பணம் கிடைத்தது. எரெபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களோடு ராஸ் தென் துருவத்துக்குப் புறப்பட்டார். அதே திட்டத்தின் மறுகோடியாக, கிழக்கிந்தியக் கம்பெனி நான்கு இடங்களில் காந்த நிலையம் வைக்க ஒப்புக்கொண்டது: சென்னை, பம்பாய், சிம்லா, சிங்கப்பூர்.

இந்த நிலையக் கூட்டமைப்பின் வேலைமுறை இன்றைக்கும் வியப்பூட்டும். குறித்த சில நாட்களில் உலகெங்கும் உள்ள எல்லா நிலையங்களும், கப்பலில் இருப்பவர்கள் உட்பட, ஒரே நேரத்தில் ஊசியைப் பார்த்துக் குறிக்க வேண்டும். எந்த ஊர் நேரம்? கோட்டிங்கன் நேரம். அங்கே நள்ளிரவு என்றால் இங்கே விடிந்துகொண்டிருக்கும். ஆனாலும் பதிவேட்டில் கோட்டிங்கன் மணிதான். 1840 மே மாதம் ஆளில்லாத கெர்குலன் தீவில் ராஸின் மாலுமிகள் ஊசி துடித்ததைக் குறித்துவைத்தார்கள். பின்னால் ஒப்பிட்டபோது, பூமியின் மறுபக்கம் டொரொன்டோவிலும் அதே நேரத்தில் ஊசி துடித்திருந்தது. இணையமும் தந்தியும் இல்லாத காலத்தில், பூமி முழுவதும் ஒரே கணத்தில் நடுங்கியதைக் காகிதத்தில் பிடித்துவிட்டார்கள்.

ராஸ் தென்காந்தத் துருவத்தை அடையவில்லை. 1841 ஜனவரியில் பனிக்கடலை உடைத்துக்கொண்டு போனார். எதிரே மலைத்தொடர், எரிமலை, அதற்கப்பால் பனிச்சுவர். துருவம் நிலத்துக்குள்ளே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தது. எரிமலைக்குக் கப்பலின் பெயரையே வைத்துவிட்டுத் திரும்பினார்.

ஊசி மட்டமாகக் கிடக்கும் மறுமுனையை அதற்கு முன்பே ஒரு வியாபாரி தொட்டுவிட்டிருந்தார். ஜான் கால்டிகாட், திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக ஆலப்புழையில் இருந்தவர். மிளகுக் கணக்குக்கு நடுவே நட்சத்திரம் பார்க்கும் பித்து. சுவாதித் திருநாள் மகாராஜாவிடம் பேசி, 1837இல் திருவனந்தபுரத்தில் ஒரு வான்நோக்கு நிலையம் அமைக்க வைத்தார். அதே ஆண்டு சென்னை நிலையத்தின் அப்போதைய வானியலாளர் டெய்லரோடு சேர்ந்து தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் போய்ச் சரிவையும் காந்த வலுவையும் அளந்தார். அந்த அளவுகள் சென்னையிலேயே ஓர் இலக்கிய, அறிவியல் இதழில் அச்சாயின. காந்த நடுவரை நம் தெற்கே ஓடுகிறது என்பது இப்படி எழுத்தில் நின்றது. துருவத்தைத் தேடிப் போனவர்களுக்குப் பட்டங்களும் சிலைகளும் கிடைத்தன; நடுவரையைத் தேடி மாட்டுவண்டிப் பாதைகளில் போனவர்களை யாரும் நினைப்பதில்லை. எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகவே படுகிறது.

அவருக்குப்பின் 1852இல் திருவனந்தபுரத்துக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் புரூன் இன்னும் ஒரு படி மேலே போனார், உண்மையிலேயே மேலே. சமவெளியிலும் மலையுச்சியிலும் ஊசி ஒரேமாதிரி நடந்துகொள்கிறதா என்று பார்க்க, கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கும் மேலே, பொதிகை என்னும் அகத்தியமலையில் ஒரு நிலையம் கட்டினார். எல்லோரும் இமயத்தில் கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர, சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பினார் சிவன் என்பது நம் புராணம். முனிவர் வந்து அமர்ந்த அதே மலையில், ஊசி வடக்கும் தாழாமல் தெற்கும் தாழாமல் ஏறத்தாழ மட்டமாகக் கிடக்கும் வட்டாரத்தில், ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கருவியோடு போய் உட்கார்ந்தார். புராணத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது என்று யாரும் நாளைக்குக் கிளம்பிவிட வேண்டாம். இது வெறும் தற்செயல், ஆனால் நல்ல தற்செயல்.

இதற்கிடையில் 1852இல் சபைன் குடியேற்ற நாடுகளிலிருந்து வந்த பதிவேடுகளைக் குவித்துவைத்து, ஊசியைத் துடிக்கவைக்கும் காந்தப் புயல்களின் எண்ணிக்கை சூரியனின் கரும்புள்ளிகளோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று கண்டார். அடுத்தவர் உழைப்பில் வந்த கணக்கைத் தன் பெயரில் வெளியிடுவதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. 1859 செப்டம்பரில் அந்தத் தொடர்பு வானத்திலேயே எழுதப்பட்டது. துருவப் பகுதிகளில் மட்டும் தெரியும் ஒளித்திரை கியூபா வரை இறங்கி வந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகள் பொறி பறக்கவிட்டன. வடக்கே இருந்த கருவிகள் பலவற்றில் ஊசி அளவுகோலைத் தாண்டி ஓடிவிட்டது. பம்பாய் கொலாபா நிலையத்தில் மட்டும், ஊழியர்கள் கண்ணால் பார்த்துக் கையால் எழுதிய எண்கள் அந்தப் புயலின் உச்சத்தை முழுமையாகப் பிடித்துவைத்திருந்தன. 2003இல் விஞ்ஞானிகள் அந்தப் பதிவேட்டைப் புரட்டித்தான் புயலின் அளவைக் கணக்கிட்டார்கள்.

அடுத்த எதிரி டிராம். பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது என்றவுடன் கொலாபா ஊசிக்கு ஆபத்து வந்தது: தண்டவாளத்தில் ஓடும் மின்சாரம் ஊசியை ஆட்டிவிடும். நிலையத்தின் முதல் இந்திய இயக்குநர் நானாபாய் பிராம்ஜி மூஸ், கடலுக்கு அப்பால் அலிபாகில் இரும்பே கலக்காத புதுக் கட்டடம் எழுப்பி, 1904இல் அங்கே கருவிகளை இயக்கத் தொடங்கினார். சென்னையில் மின்சார டிராம் 1895இலேயே ஓடத் தொடங்கியிருந்தது, இந்தியாவிலேயே முதலாவதாக. நல்லவேளையாகச் சென்னையின் வானியல் அதற்குள் கொடைக்கானலுக்கு மலையேறும் ஏற்பாட்டில் இருந்தது; 1902இல் ஊசியும் அங்கே போய்ச் சேர்ந்தது.

அலிபாகில் கல் அடுக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் வடக்கே ரோல்ட் அமுண்ட்சன் யோவா என்ற சிறு படகுக்கப்பலில் பனிக்குள் இருந்தார். வடமேற்குக் கடல்வழியைத் திறப்பது அவர் ஆசை. ஆசைக்கு யாரும் பணம் தருவதில்லை, அறிவியலுக்குத் தருவார்கள். எனவே ஹாம்பர்க்கில் போய்க் காந்தவியல் படித்து, வடகாந்தத் துருவத்தை அளக்கப் போகிறேன் என்று நன்கொடை கேட்டார். அப்படியும் கடன் கழுத்தை நெரிக்க, 1903 ஜூன் மாதம் கடன்காரர்கள் கதவைத் தட்டுமுன் நள்ளிரவில் நங்கூரத்தைத் தூக்கிவிட்டார். சாக்காக எடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஒரே இடத்தில் இருந்து அளந்து, ராஸ் கொடி நட்ட இடத்தில் துருவம் இல்லை, நகர்ந்துவிட்டது என்று காட்டினார். மறுகோடியில், 1909 ஜனவரி 16 அன்று டேவிட், மாசன், மக்கே என்ற மூவர் சறுக்குவண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு போய்த் தென்காந்தத் துருவத்தின் வட்டாரத்தை எட்டினார்கள்.

கிடந்த ஊசிக்கு மவுசு வந்தது விண்வெளி யுகத்தில். காந்த நடுவரைக்கு மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல்நேரத்தில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. அதைத் துளைத்துப் பார்க்க ராக்கெட் வேண்டும். ராக்கெட் விடுவதற்கு நடுவரைக்குக் கீழேயே ஒரு கடற்கரை வேண்டும். இந்தக் காரணத்துக்காகத்தான் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்ற மீனவர் குப்பம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியபோது, அங்கிருந்த தேவாலயமும் ஆயர் இல்லமும் ஆய்வுக்கூடமாகவும் அலுவலகமாகவும் மாறியிருந்தன. ராமேசுவரத்துக்காரரான ஓர் இளம் பொறியாளரும் அந்தக் குழுவில் இருந்தார். அப்துல் கலாம் தும்பாவுக்கு வந்ததற்கு, மட்டமாகப் படுத்த ஓர் ஊசியும் காரணம்.

துருவத்துக்கு இந்தியா நேரடியாகப் போனது அதற்குப் பிறகு. எஸ். இசட். காசிம் தலைமையில் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கிளம்பிய குழு 1982 ஜனவரி 9 அன்று அண்டார்டிக்காவில் இறங்கியது. 1989இல் மைத்ரி, 2012இல் பாரதி என்று நிலையங்கள் எழுந்தன. இன்று இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் தன் கருவிகளை அண்டார்டிக்காவிலும் வைத்திருக்கிறது, திருநெல்வேலிக்குப் பக்கத்திலும் வைத்திருக்கிறது. சூரியனிலிருந்து வரும் ஒரே அடி இரு இடங்களிலும் எப்படி விழுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது; ராஸும் டெய்லரும் இரு கோடிகளில் செய்த வேலை இப்போது ஒரே நாட்டின் கைக்குள் வந்துவிட்டது. திருப்போரூரிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் வடக்கே போய்ப் பள்ளிக்கரணை பக்கம் திரும்பினால் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் வரும். அங்கே உருவான, பனிக்கு அடியில் நீந்தும் ஆளில்லா வாகனம் ஒன்று 2015இல் மைத்ரிக்கு அருகே ஏரிக்குள்ளும் பனித்தட்டின் ஓரத்திலும் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தது. ஐ.டி. கம்பெனிகளுக்குப் போகிற கூட்டத்தில் அப்படி ஒரு பெயர்ப்பலகையை யார் நின்று படிக்கிறார்கள்!

போலிகளைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. சுற்றுலா ஊர்களின் கலைப்பொருள் கடைகளில் பித்தளைத் திசைகாட்டி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். லண்டன் கம்பெனிப் பெயரும் நூறு வருடத்துக்கு முந்தைய ஆண்டும் பொறித்திருக்கும். அவற்றில் பெரும்பங்கு உத்தரகண்டின் ரூர்க்கியில் செய்தவை. கங்கைக் கால்வாய் வெட்டியபோது அங்கே பொறியியல் கல்லூரியும் பட்டறையும் வந்தன. நில அளவைக் கருவி செய்யும் கைகள் பெருகின. அளவைக்கு மின்னணுக் கருவி வந்தபின், அந்தக் கைகள் பழைய கப்பல் சாமான்களை அச்சு அசலாகச் செய்து ஏற்றுமதி செய்யத் தொடங்கின. லண்டனுக்கே போய், லண்டன் பழம்பொருளாக விற்பனையாகும் ரூர்க்கிப் பித்தளையும் உண்டு.

இப்போது ஊசி கண்ணுக்குத் தெரியாத சில்லாகி எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. 2008, 2009 வாக்கில் கைப்பேசிக்குள் அது நுழைந்தது. சில்லு காட்டுவது காந்த வடக்கு. அதை உண்மையான வடக்காக மாற்ற, பூமியின் காந்தத்தைப் பற்றிய ஓர் உலகக் கணக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெளியாகிறது. வடகாந்தத் துருவம் அண்மைக்காலத்தில் கனடாவைவிட்டு சைபீரியாப் பக்கம் ஆண்டுக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியதில், 2015இல் போட்ட கணக்கு 2020வரை தாங்கவில்லை. 2019 ஜனவரியில் இடைத் திருத்தம் வரவிருந்தது. அமெரிக்க அரசில் பட்ஜெட் தகராறு வந்து அலுவலகங்கள் மூடிக்கிடக்க, திருத்தம் பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. பிழை பெரிதாக இருந்தது ஆர்க்டிக் வட்டாரத்தில் மட்டும்தான். திருப்போரூர்க் கந்தசாமி கோயில் குளக்கரையில் நின்று போனைப் பார்த்து வடக்கு எது என்று கேட்டவர்களுக்கு அந்த வாரங்களிலும் சரியான பதிலே கிடைத்தது.